1926-இல் படிகம், 2010-இல் வடிவம்: ஜாக் பீன் யூரியேஸ்

புரதப் படிகம் வளர்ப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தட்டில் முதன்முதலாகப் பளபளவென்று ஏதாவது தெரிந்தால் உடனே வாயைத் திறக்க மாட்டார்கள். மெல்லிய ஊசியால் தொட்டுப் பார்ப்பார்கள். கல்லைப் போல எதிர்த்து நின்றால் உப்பு. தயிர்க்கட்டி போலப் பொலபொலவென்று உடைந்தால் புரதம். நான் ஒருமுறை மூன்று வாரம் காத்திருந்து, ஊசி ஊசியாக அழகான படிகங்களைப் பார்த்து, கூட இருந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, பஃபரில் (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் கரைசல்) இருந்த பாஸ்பேட்டும் கரைசலில் இருந்த கால்சியமும் சேர்ந்து செய்த வேலை அது. புரதம் அதில் துளியும் இல்லை.

ஜாக் பீன் என்ற அவரை விதையில் இருக்கும் யூரியேஸ் நொதியின் கதையில் அந்த ஏமாற்றம் இல்லை. படிகம் அசல் புரதம்தான். வளர்த்த ஜேம்ஸ் சம்னருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனாலும் அந்தப் புரதத்தின் முப்பரிமாண வடிவம் வெளிவர 84 ஆண்டுகள் ஆயின, அதுவும் சென்னை கிண்டியிலிருந்து. நடுவில் ஏன் இவ்வளவு காலம் பிடித்தது என்பதுதான் கேள்வி.

ஒரு கையும் அவரை மாவும்

ஜேம்ஸ் சம்னர் 1887-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். 17 வயதில் வேட்டைக்குப் போன இடத்தில் குண்டு பட்டு, இடது கையை முழங்கைக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. அவர் இடது கைப் பழக்கக்காரர் வேறு. ஹார்வர்டில் ஓட்டோ ஃபோலினிடம் ஆராய்ச்சிக்குப் போய் நின்றபோது, ஒரு கையை வைத்துக்கொண்டு வேதியியலில் தேற முடியாது, சட்டம் படிக்கலாமே என்றார் ஃபோலின். சம்னர் கேட்கவில்லை. 1914-இல் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு, இதாகா ஊரில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தார்.

அங்கே வகுப்பு எடுப்பதிலேயே பொழுது போனது. கருவிகளும் போதாது, உதவிக்கு ஆள் வைக்கக் காசும் கிடையாது. சின்னச் சின்ன ஆராய்ச்சியாகச் செய்துகொண்டிருந்தால் எதுவும் தேறாது, கிடைக்கிற கொஞ்ச நேரத்தை ஒரே பெரிய குறியில் வைத்துவிடலாம் என்று முடிவு செய்தார். 1917-இல் அவர் எடுத்த குறி, ஒரு நொதியைத் தூய பொருளாகப் பிரித்தெடுப்பது. அதுவரை யாரும் செய்யாத காரியம். நொதி என்பது என்ன வகைப் பொருள் என்பதிலேயே அப்போது ஒத்த கருத்து இல்லை.

தேர்ந்தெடுத்த நொதி யூரியேஸ். யூரியாவை அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைப்பது அதன் வேலை. அது மிகுதியாகக் கிடைக்கும் இடம் ஜாக் பீன் விதை. நம் ஊர் வாளவரைக்கு இது மிக நெருங்கிய உறவு. இரண்டும் கனவாலியா என்ற ஒரே பேரினம். காயின் நீளத்தையும் விதையின் பருமனையும் பார்த்தாலே சொந்தம் தெரிந்துவிடும்.

ஒன்பது ஆண்டுகள் ஓடின. 1921-இல் பெல்ஜியம் போய் ஜான் எஃப்ரோன் என்ற நொதி நிபுணரிடம் வேலை செய்ய உதவித்தொகை கிடைத்தது. யூரியேஸைத் தனியாகப் பிரிப்பது அபத்தமான யோசனை என்று எஃப்ரோன் நினைத்ததால் அந்தப் பயணமே நின்றுபோனது. ஆய்வகத்தில் ஐஸ் பெட்டி இல்லாத காலமும் இருந்தது. மாவை 30 சதவீத ஆல்கஹாலில் கலக்கி வடித்த சாற்றை உயரமான கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி, ஜன்னல் திட்டில் வரிசையாக வைத்துவிட்டு, ராத்திரி நன்றாகக் குளிர வேண்டுமே என்று வேண்டிக்கொள்வார்களாம்.

பிறகு ஆல்கஹாலை விட்டு அசிட்டோனுக்கு மாறினார். செய்முறை ஆச்சரியப்படும் அளவுக்கு எளியது. கொழுப்பு நீக்கிய ஜாக் பீன் மாவு 100 கிராம், 31.6 சதவீத அசிட்டோன் 500 மில்லிலிட்டர். கலக்கி, வடிதாளில் தானாக வடிய விட்டு, வடிந்ததை இரவு முழுக்கக் குளிரில் வைக்க வேண்டும். காலையில் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். பொடிப்பொடியாகப் படிகங்கள், ஒவ்வொன்றும் எட்டு முகம் கொண்ட எண்முகி. மையவிலக்கியில் சுற்றி அடியில் தங்கியதைத் தண்ணீரில் கரைத்துச் சோதித்தால், புரதத்துக்கான சோதனைகள் எல்லாம் தேறின. யூரியேஸ் வேகமும் எக்கச்சக்கம். போனை எடுத்து மனைவியிடம், முதல் நொதியைப் படிகமாக்கிவிட்டேன் என்று சொன்னார். அது 1926.

உலகம் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஜெர்மனியில் ரிச்சர்ட் வில்ஷ்டேட்டர், ஏற்கெனவே நோபல் வாங்கியவர், நொதிகள் புரதம் அல்ல என்ற கட்சி. அவர் தூய்மைப்படுத்திய பெராக்சிடேஸ் என்ற நொதி வேலை செய்தது, ஆனால் புரதச் சோதனையில் எதுவும் தெரியவில்லை. உண்மையில் அந்தக் காலச் சோதனைகளுக்கு எட்டாத அளவுக்குப் புரதம் நீர்த்துப் போயிருந்தது. சம்னரின் படிகத்தில் நொதி எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும் அழுக்கு, புரதம் அதைச் சுமக்கும் வண்டி, அவ்வளவுதான் என்றார்கள் அந்தத் தரப்பினர். 1930-இல் ஜான் நார்த்ராப் பெப்சின் என்ற செரிமான நொதியையும் படிகமாக்கிய பிறகுதான் காற்று திரும்பியது. 1946-இல் வேதியியல் நோபலில் பாதி சம்னருக்கு. மீதிப் பாதியை நார்த்ராப்பும் வெண்டெல் ஸ்டான்லியும் பகிர்ந்துகொண்டார்கள்.

அறுவடைப் படிகமும் அளவெடுக்கும் படிகமும்

சம்னருக்குப் படிகம் எதற்குத் தேவைப்பட்டது? தூய்மைக்குச் சாட்சியாக. சர்க்கரைப் பாகில் கல்கண்டு கட்டுகிற மாதிரி, ஒரே மாதிரியான மூலக்கூறுகள்தான் ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும். படிகமாகிவிட்டது என்றால் கலப்பு பெரும்பாலும் வெளியே போய்விட்டது என்று அர்த்தம். அந்த வேலைக்குப் படிகம் எவ்வளவு பொடியாக இருந்தாலும் பரவாயில்லை. சொல்லப்போனால் பொடியாக, ஏராளமாக, ஒரே இரவில் விழுந்தால் இன்னும் வசதி. அள்ளிக்கொண்டு போகலாம்.

மூலக்கூறின் வடிவத்தைக் கண்டுபிடிக்க எக்ஸ்-கதிருக்குக் காட்டும் படிகத்துக்கு வேறு தகுதிகள் வேண்டும். இதை முதலில் செய்துகாட்டியவர்கள் ஜே.டி. பெர்னலும் டோரத்தி க்ரோஃபுட்டும், பின்னாளில் டோரத்தி ஹாட்ஜ்கின் என்று அறியப்பட்டவர். 1934-இல் கேம்பிரிட்ஜில் பெப்சின் படிகத்தைக் காய விடாமல், அது வளர்ந்த தாய்க்கரைசலோடு சேர்த்துக் கண்ணாடி நுண்குழாயில் அடைத்துப் படம் எடுத்தபோது, படிகத்தில் சிதறிய கதிர் பதியும் புள்ளிகள் தெளிவாக விழுந்தன. காய்ந்த படிகம் ஒன்றும் தரவில்லை. காரணம், புரதப் படிகத்தில் ஏறக்குறைய பாதி தண்ணீர். கூடையில் அடுக்கிய எலுமிச்சம்பழங்களுக்கு நடுவே சந்து இருப்பதைப் போல மூலக்கூறுகளுக்கு நடுவே நீர் நிறைந்த சந்துகள். தண்ணீர் போனால் அடுக்கு சரிந்துவிடும்.

அடுத்தது அளவு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜாக் பீன் யூரியேஸின் எண்முகப் படிகங்களைக் கார்னெலிலேயே 1992-இல் எக்ஸ்-கதிரில் அளந்தார்கள். அடுக்கில் திரும்பத் திரும்ப வரும் பெட்டியை அலகுக்கூடு என்போம். அதன் ஓரம் 364 ஆங்ஸ்ட்ராம் (ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு). சம்னர் பார்த்தவை சில மைக்ரான் அளவுப் படிகங்கள். 5 மைக்ரான் என்றே வைத்துக்கொள்வோம். அது 50,000 ஆங்ஸ்ட்ராம். அதாவது ஒரு வரிசையில் சுமார் 137 கூடுகள்தான். 0.3 மில்லிமீட்டர் படிகம் என்றால் ஒரு வரிசையில் 8,000-க்கு மேல். கன அளவில் 2 லட்சம் மடங்குக்கும் அதிகம். ஒவ்வொரு கூடும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதிரைச் சிதறடித்து, எல்லாம் ஒரே தாளத்தில் சேர்ந்தால்தான் புள்ளி கண்ணுக்குத் தெரியும். கூடு பெரிதாக ஆக, அதே அளவுப் படிகத்தில் கூடுகளின் எண்ணிக்கை குறைகிறது, புள்ளிகளும் மங்குகின்றன, நெருக்கியடித்துக்கொண்டு விழுகின்றன. யூரியேஸ் இதில் மாட்டிக்கொண்டது.

அப்படியானால் பெரிய படிகமாக வளர்க்க வேண்டியதுதானே? இங்கேதான் சமையல் போலக் கைப்பக்குவம் வருகிறது. இன்று எல்லா ஆய்வகத்திலும் செய்யும் தொங்கு துளி முறையை எடுத்துக்கொள்ளுங்கள். 24 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு. குழியின் விளிம்பில் கிரீஸ் தடவியிருக்கும். அடியில் அரை மில்லிலிட்டரோ ஒரு மில்லிலிட்டரோ அமோனியம் சல்ஃபேட் உப்பு அல்லது பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) கரைசல். ஒரு கண்ணாடி வில்லையில் புரதம் ஒரு மைக்ரோலிட்டர், அடிக்கரைசல் ஒரு மைக்ரோலிட்டர் சேர்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கவிழ்த்து மூட வேண்டும். கை நடுங்கினால் துளி ஓடிவிடும். குமிழி விட்டாலும் போச்சு. இரண்டையும் சம அளவில் கலந்ததால் துளியில் உப்பு பாதிதான் இருக்கிறது. அதைச் சமன் செய்யத் துளியிலுள்ள நீர் மெல்ல ஆவியாகிக் கீழே போகும். சில நாட்களில் துளி ஏறக்குறைய பாதியாகச் சுருங்கி, புரதம் இரு மடங்கு செறிந்துவிடும்.

செறிவு ஏறும்போது புரதம் மூன்று பகுதிகளைக் கடக்கிறது. கொஞ்சம் அதிகமானால், ஏற்கெனவே இருக்கும் படிகம் வளரும், ஆனால் புதிது பிறக்காது. இன்னும் ஏறினால் புதிய கருக்கள், அதாவது படிகம் தொடங்கும் சின்னத் திரள்கள், பிறக்கும். அதையும் தாண்டினால் பால் திரிந்த மாதிரி வெள்ளையாகச் சிதறிவிடும். நல்ல படிகக்காரர் விரும்புவது, கருப்பகுதியை ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டு உடனே வளர்ச்சிப் பகுதிக்கு இறங்கிவிடும் துளி. அப்போது நான்கைந்து கருக்கள் மட்டும் பிறந்து, இருக்கும் புரதம் முழுவதையும் அவையே பங்கு போட்டுக்கொண்டு பெரிதாகும்.

சம்னரின் முறை இதற்கு நேர் எதிர். அசிட்டோன் கரைதிறனை இறக்கி வைத்திருக்கும்; ஐஸ் பெட்டிக்குள் போனதும் அது இன்னும் வீழ்ந்து, கரைசல் முழுக்க ஒரே நேரத்தில் எண்ணற்ற கருக்கள். இரவு முடிவதற்குள் புரதம் தீர்ந்துவிடும், எதுவும் பெரிதாகாது. அதை அவர் குறை என்று சொல்ல முடியாது. அவருக்கு வேண்டியது அறுவடை, அது கிடைத்தது. பின்னால் வந்தவர்கள் அதே செய்முறையைப் பெருக்கிக்கொண்டே போனால் வடிவம் கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது, அவ்வளவுதான். படிகம் இருக்கிறது என்ற செய்தியே பல பேரை ஏமாற்றியிருக்கும் என்பது என் கணிப்பு.

அதே விதை, வேறு விதி

ஒப்பிட்டுப் பார்க்க இதே விதையில் இன்னொரு புரதம் இருக்கிறது. யூரியேஸுக்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 1919-இல், சம்னர் ஜாக் பீனிலிருந்து கன்கனவாலின்-ஏ என்ற புரதத்தைப் படிகமாக்கியிருந்தார். சர்க்கரைகளைப் பிடித்துக்கொள்ளும் லெக்டின் அது. அதன் வடிவம் 1972-இலேயே இரு குழுக்களால் வெளியாயிற்று. அதே ஆள், அதே மாவு, ஆனால் யூரியேஸ் மட்டும் இன்னும் 38 ஆண்டுகள் காக்க வைத்தது.

ஒரு காரணம் உடம்பு. யூரியேஸின் ஒரு சங்கிலியில் 840 அமினோ அமிலங்கள். இந்த வரிசையே 1988-இல்தான் முழுதாகத் தெரிந்தது. எடை சுமார் 90,770 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). இப்படி ஆறு சேர்ந்தது ஒரு முழு மூலக்கூறு, ஏறக்குறைய 5,45,000 டால்டன். 1938-இல் சம்னரும் ஸ்வீடன் ஆய்வாளர்களும் அதிவேக மையவிலக்கியில் 4,83,000 என்று கணித்திருந்தார்கள். அந்தக் காலத்துக்கு அது நல்ல குறிதான்.

இன்னொன்று கந்தகம். ஒவ்வொரு சங்கிலியிலும் கந்தகம் உள்ள அமினோ அமிலமான சிஸ்டீன் 15. காற்றுப் பட்டால் சில சிஸ்டீன்கள் பக்கத்து மூலக்கூறின் சிஸ்டீனோடு கைகோத்துக்கொள்ளும். இரண்டிரண்டாக, நான்கு நான்காக மூலக்கூறுகள் ஒட்டினால் கரைசலில் ஒரே சீரான சரக்கு இல்லாமல் போகும். வினையின் வேகத்தை அளந்தால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாமல் போகலாம். படிகம் மட்டும் கண்டுபிடித்துவிடும். செங்கல் அடுக்கில் பத்துக்கு ஒன்று ஜோடி செங்கல்லாக இருந்தால் சுவர் எப்படி நேராக எழும்பும்? அதனால்தான் இது போன்ற புரதங்களோடு வேலை செய்பவர்கள் இந்த ஒட்டலைத் தடுக்கும் மெர்காப்டோஎத்தனாலின் அழுகிய முட்டை வாடையோடு நாளைக் கழிக்கிறார்கள்.

இதற்கிடையில் 1975-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பர்ட் செர்னர் குழு ஒரு வெடியைப் போட்டது: யூரியேஸில் நிக்கல் இருக்கிறது. நிக்கலைக் கொண்டு வேலை செய்யும் நொதி என்று அடையாளம் காணப்பட்ட முதலாவது இதுதான். சம்னர் இதை ஏன் பார்க்கவில்லை? சங்கிலிக்கு இரண்டு நிக்கல் அணுக்கள். எடையில் கணக்கிட்டால் சுமார் 0.13 சதவீதம், ஒரு கிராம் தூய யூரியேஸில் 1.3 மில்லிகிராம். தேடிப் போனால் ஒழிய கண்ணில் படாது. வில்ஷ்டேட்டர் தரப்பு மட்டும் அப்போது உயிர்ப்போடு இருந்திருந்தால், பார்த்தீர்களா, புரதம் வெறும் வண்டிதான் என்று நிச்சயம் கொண்டாடியிருக்கும்.

1992-க்கு வருவோம். கார்னெலில் ஆண்ட்ரூ கார்ப்லஸ் குழு, மிச்சிகனின் ராபர்ட் ஹவுசிங்கரோடு சேர்ந்து, ஜாக் பீன் யூரியேஸ் ஒரு பக்கம், கிளெப்சியெல்லா ஏரோஜீன்ஸ் என்ற பாக்டீரியாவின் யூரியேஸ் ஒரு பக்கம் என இரண்டையும் படிகமாக்கிப் பார்த்தது. ஜாக் பீனின் எண்முகிகள் சுமார் 3.5 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறன் வரைதான் தந்தன. இந்த எண் சிறியதாக இருந்தால்தான் நல்லது. 3.5-இல் சங்கிலி போகும் தடம் தெரியலாம். பக்கக் கிளைகள் மசமசவென்று இருக்கும். பாக்டீரியப் படிகமோ 2 ஆங்ஸ்ட்ராமைத் தொட்டது. எந்தப் பக்கம் போவார்கள்? 1995-இல் பாக்டீரிய யூரியேஸின் வடிவம் வெளிவந்தது. சம்னரின் பல்கலைக்கழகத்திலேயே யூரியேஸ் அவிழ்ந்தது, ஆனால் சம்னரின் அவரை அவிழவில்லை.

2002-இல் இங்கிலாந்தில் வேறொரு தந்திரத்தை முயன்றார்கள். எதிர்ப்பொருளின் ஒரு சிறு துண்டை யூரியேஸோடு பிணைத்துப் படிகமாக்குவது. முரண்டு பிடிக்கும் புரதத்துக்கு வெளியிலிருந்து ஒரு கைப்பிடி மாட்டிவிடுகிற மாதிரி. மூலக்கூறுகள் ஒன்றையொன்று தொடும் இடங்கள் மாறும், புது வகை அடுக்கு கிடைக்கும். படிகமும் கிடைத்தது. ஆனால் அணு அணுவாகப் பார்க்கும் தெளிவான முழு வடிவம் அப்போதும் கைக்கு வரவில்லை.

கிண்டி

சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் படிகவியலுக்கும் உயிர் இயற்பியலுக்குமான உயராய்வு மையம் இருக்கிறது. 1952-இல் சென்னைக்கு வந்த ஜி.என். ராமச்சந்திரன் போட்ட விதை அது. 1954-இல் கொலாஜன் புரதத்தின் மூவிழைச் சுருளும், 1963-இல் புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடியலாம் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடமும் வெளிவந்த இடம். இன்று உலகில் யார் புரத வடிவம் தீர்த்தாலும் கடைசியில் அந்த வரைபடத்தில் போட்டுப் பார்த்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

அந்த மையத்தின் அனுராதா பாலசுப்ரமணியனும் கார்த்தே பொன்னுராஜும் 2010-இல் ஜாக் பீன் யூரியேஸின் வடிவத்தை 2.05 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறனில் வெளியிட்டார்கள். தாவர யூரியேஸ் ஒன்றின் முதல் வடிவம் அதுதான். முதல் படிகத்திலிருந்து மூலக்கூறு வடிவம் வரை 83 ஆண்டுப் பயணம் என்று கட்டுரைத் தலைப்பிலேயே போட்டார்கள். நான் வெளியான ஆண்டைக் கொண்டு 84 என்கிறேன். அவர்கள் கணக்கோடு சண்டை இல்லை.

3.5-க்கும் 2.05-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். கார்பனும் கார்பனும் பிணைந்திருக்கும் தூரம் 1.54 ஆங்ஸ்ட்ராம். 2.05-இல் பக்கக் கிளைகள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்பது தெளிவாகிவிடும், தனித்தனித் தண்ணீர் மூலக்கூறுகளைக்கூட வைக்க முடியும். பாக்டீரிய வடிவங்கள் ஏற்கெனவே கையில் இருந்ததும் இந்தக் கட்டத்தில் பெரிய வரம். எக்ஸ்-கதிர்ப் புள்ளிகள் அலையின் வலுவைச் சொல்லும், அலை தன் ஏற்ற இறக்கத்தின் எந்தக் கட்டத்தில் வந்தது என்பதைச் சொல்லாது; வடிவத்துக்கு இரண்டும் வேண்டும். உறவுக்கார மூலக்கூறின் வடிவம் தெரிந்திருந்தால் அதை வைத்துக் கட்டத்தை ஊகிக்கத் தொடங்கலாம். 1926-ஐ விடுங்கள், 1990-இல்கூட யூரியேஸுக்கு அப்படி ஓர் உறவுக்காரர் இல்லை.

ஆக, தாமதத்துக்கு ஒரே காரணம் என்று எதையும் கைகாட்ட முடியாது. ஆனால் எனக்குத் தோன்றுவது, கருவிகளும் கணிப்பொறியும் எவ்வளவு வளர்ந்தாலும் 3.5-இல் நிற்கும் படிகம் 3.5-இல்தான் நிற்கும். கதிர் மூலத்தை மாற்றிக் கொஞ்சம் இழுக்கலாம். அடுக்கே தளர்வாக இருந்தால் இழுக்க எதுவும் இல்லை. கடைசியில் யாராவது மறுபடி விதையை அரைத்து, வடித்து, தட்டு வைத்து, நல்ல படிகத்துக்காக உட்கார வேண்டியிருந்தது.

வடிவத்தில் என்ன தெரிந்தது? பாக்டீரியாவில் மூன்று தனித்தனிச் சங்கிலிகளாக இருப்பது இங்கே ஒரே நீளச் சங்கிலியாக இணைந்திருக்கிறது. அது நான்கு பகுதிகளாக மடிந்து ஆங்கில 'T' எழுத்தைப் போல நிற்கிறது. மூன்று சேர்ந்து ஒரு வட்டம், இரண்டு வட்டங்கள் முதுகோடு முதுகு ஒட்டி ஆறு. ஜாக் பீன் யூரியேஸுக்குப் பூச்சிகளைக் கொல்லும் குணமும் உண்டு; அதற்குக் காரணமான துண்டு சங்கிலியின் எந்த இடத்தில், எப்படி மடிந்து இருக்கிறது என்பதையும் முதன்முறையாகப் பார்க்க முடிந்தது. அதே மையம் 2013-இல் துவரை யூரியேஸின் வடிவத்தையும் வெளியிட்டது.

புரதத் தரவு வங்கியில் 3எல்ஏ4 என்ற எண்ணில் இந்த மூலக்கூறு இருக்கிறது. போனிலேயே திறந்து விரலால் சுழற்றிப் பார்க்கலாம். மேலே கதவு போல ஒரு மடல், அதில் 592-ஆம் இடத்தில் ஒரு சிஸ்டீன். அதற்கு உள்ளே 490-ஆம் இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலம், நுனியில் கார்பன் டை ஆக்சைடு ஒன்றைச் சேர்த்துக்கொண்டு பாலம் போல நீண்டிருக்கும். அந்தப் பாலத்தின் இரு பக்கமும் இரண்டு உருண்டைகள். சம்னரின் கண்ணில் படாமல் போன நிக்கல் அவைதான்.